ஈயக் குண்டுகளும் சகாயமேரியும்

கார்முகில் கவிந்து சாமுண்டி மலையின் முடியை மறைக்க, ஈரக்காற்று அரண்மனை மதில்களைத் தழுவிவந்து சாலை மரங்களை அலைக்க, மைசூரு மாநகர் நண்பகலிலேயே மங்கிக் கிடந்தது, நற்றமிழ் நெஞ்சீர்! அந்நகரத்துக் கல்லூரி ஒன்றன் நிலவறையில், மகளுக்குத் துணையாய் வந்த சகாயமேரி என்னும் ஓய்வுபெற்ற செவிலி, முழந்தாளிட்டுச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். மகள் நிம்மி பல்லாண்டு உழைத்த ஆய்வு அன்று தேறவில்லையேல் பட்டமில்லை என்று தேர்வாளர் கண்டிப்பாய்க் கூறிவிட்டார்.

ஆய்வு இதுதான். மெல்லிய இழையில் தொங்கும் கோலின் இருமுனைகளிலும் சிறு குண்டுகள். அவற்றருகே பெரிய ஈயக் குண்டுகள். நிறையுடைய எப்பொருளும் நிறையுடைய பிறிதொன்றைத் தன்பால் இழுக்கும். நிறை மிகுந்தால் இழுப்பும் மிகும், தொலைவு இருமடங்கானால் அது நான்கில் ஒன்றாய்க் குறையும். அவ்விழுப்பால் இழை முறுகுவதை, இழையில் ஒட்டிய சிறு கண்ணாடியில் பட்டுச் சுவரில் நகரும் ஒளிப்புள்ளி காட்டும். தனியே செய்தபோதெல்லாம் சரியாய் வந்த அளவு, தேர்வாளர் அப்பால் நின்று நோக்க, இருமுறை பிசகிற்று. எஞ்சியது ஒரே வாய்ப்பு. பிசகப் பிசகத் தாய் கருவியின் கண்ணாடிப் பேழையை இன்னும் நெருங்கி, இன்னும் உருகி வேண்டினாள். பெற்ற மனம் வேறென்ன செய்யும்?

நிம்மி வெளிறிய முகத்தோடு திரும்பினாள். பேழையையும் அதனை ஒட்டி அமர்ந்த தாயையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அம்மா, ஸ்வல்ப தள்ளிப் போம்மா. வெளிய, தூரமாப் போயிடு. உன் உடம்பும் குண்டை இழுக்குது."

நிறையும் தொலைவும் பற்றி மகள் விளக்கிய எதுவும் சகாயமேரியின் செவியில் ஏறவில்லை. பிள்ளையின் வாழ்வைக் கெடுத்தவள் தானே என்பது மட்டும் ஏறியது. எழுந்து, படியேறி, கொட்டும் மழையில் முற்றத்தைக் கடந்து, மதிலோரம் ஒண்டி நின்றாள். இத்தொலைவு போதாதோ என்று நடுங்கி, மூச்சையும் அடக்கிக்கொண்டாள், பாவம்.

நெடும்பொழுது கழித்து நிம்மி வெளியே ஓடிவந்தாள். அளவு பிசகாமல் வந்தது என்றும், தேர்வாளர் ஒப்பிவிட்டார் என்றும் வாசலில் நின்றபடியே கூவினாள். தாயோ இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"இப்ப கிட்ட வரலாமா, கண்ணு?"

நிம்மி மழையில் இறங்கி ஓடி, நனைந்து விறைத்த அவ்வுடம்பைக் கட்டிக்கொண்டு விம்மி அழுதாள். ஈயத்துக்கு அச்சமில்லை, ஆதலால் அது தயங்காமல் இழுக்கிறது, இழுபடுகிறது. அஞ்சத் தெரிந்த மாந்தரே, அன்பு மிக மிக, விலகிப்போய் நிற்கிறார்கள்.