திரும்பிப் பார்க்கும் ஷாட்

கல்யாண வீடியோவில் அழுகை எந்த இடத்தில் வரும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். தாலி கட்டும்போது வராது. அப்போது எல்லோரும் பூ எங்கே, மாலை எங்கே, போட்டோவுக்கு மறைக்காதே என்று பறந்துகொண்டிருப்பார்கள். பெண் மாப்பிள்ளை வீட்டுக் காரில் ஏறிப் புறப்படும்போதுதான் வரும். கார் நகரும் நேரத்தில் அவள் கண்ணாடி வழியாக ஒரு தடவை வீட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டும். நிஜத்தில் முக்கால்வாசிப் பெண்கள் பார்ப்பதே இல்லை. ஒருத்திக்குச் சேலை கதவில் மாட்டியிருக்கும், ஒருத்திக்குச் செருப்பு கழன்றிருக்கும். நான்தான் வெளியே நின்று, ஏம்மா, ஒருதரம் திரும்பிப் பாரும்மா என்று கத்துவேன். பார்ப்பாள். அதை மெதுவாக ஓடவிட்டுப் பின்னால் புல்லாங்குழலைப் போட்டுவிட்டால் போதும், பெண்ணைப் பெற்றவள் டிவி முன்னால் உட்கார்ந்து தேம்புவாள்.

எங்கள் தொழிலில் அதற்குத் திரும்பிப் பார்க்கும் ஷாட் என்று பேர். நெல்சன் வீடியோ என்று போர்டு மாட்டி முப்பது வருடம் ஆகிறது. புதுச்சேரியில் கோவில் கல்யாணமோ மண்டபத்துக் கல்யாணமோ, அந்த ஷாட் இல்லாமல் நான் ஒரு வீடியோ கொடுத்ததில்லை. அந்தப் பழக்கம்தான் இருதயமேரி அக்கா தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது. பழக்கம் என்ன பழக்கம், போட்டது நான்தான்.

இருதயமேரி அக்கா பெரிய மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுப்பவர். சொந்த ஊர் இலங்கையில் முல்லைத்தீவுப் பக்கம். சண்டை முடிந்த மறுவருடம் படகேறி வந்து, கொஞ்ச காலம் அகதி முகாமில் இருந்து, அப்புறம் இங்கே வந்து சேர்ந்தவர். எங்கள் பங்குக் கோவில் ஜெபக் கூட்டத்தில் என் மனைவி ஜாஸ்லினுக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். அறுபது வயதிருக்கும். இத்தனை வருடத்தில் எங்கள் ஊர்ப் பேச்சு அவர் நாக்கில் ஒட்டவே இல்லை.

அவர் கதையை எனக்குச் சொன்னது ஜாஸ்லின். ஒரே மகன், பேர் யூட், பத்தொன்பது வயது. போரின் கடைசி மாதங்களில் இயக்கம் அவனைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனது. பதினோரு நாளில் தப்பி ஓடிவந்துவிட்டான். எல்லாம் முடிந்து சனங்கள் கூட்டங்கூட்டமாக ராணுவத்தின் பக்கம் வந்தபோது, ஒரே ஒரு நாள் இயக்கத்தில் இருந்தவர்கூடப் பேர் கொடுக்க வேண்டும், விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்களாம். யூட் மாட்டேன் என்றான். மறைத்தால்தான் ஆபத்து என்று அக்காதான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பேர் கொடுத்து, ராணுவத்தின் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பஸ் போய்விட்டது. பதினேழு வருடமாகத் தகவல் இல்லை. நவம்பர் மாதம் கோவிலில் இறந்தவர்களுக்கான பூசைக்குப் பேர் எழுதித் தரச் சொல்வார்கள். அக்கா புருஷன் பேரை எழுதுவார். மகன் பேரை எழுத மாட்டார்.

அந்த யூட்டின் போட்டோ என்னிடம் இருந்தது. ஆறேழு வருடத்துக்கு முன்னால், உப்புத் தண்ணீரில் ஊறி மூலையெல்லாம் உரிந்துபோன ஒரு படத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். சரிசெய்து பெரிதாக்கிக் கொடுத்தேன். தெத்துப்பல் தெரிய லேசாகச் சிரிக்கிற பையன். ஸ்டுடியோக்காரன் எதையும் அழிக்க மாட்டான். அதுவும் ஹார்ட் டிஸ்கில் கிடந்தது.

இந்த வருடம் ஏப்ரல் மாதம் தமிழ்மாறன் வந்தார். யூடியூபில் சேனல் நடத்துகிறவர், உணர்ச்சிவசப்படுகிற ஆள், மனசில் கள்ளம் கிடையாது. மே மாத நினைவு நாளுக்கு அந்தப் போரின் கடைசி வாரத்தை ஏஐ வீடியோவாகப் போட வேண்டும் என்றார். "கேமராவே போகாத இடம்ணே அது. நாம காட்டலன்னா யாரு காட்டுவா?" என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஒத்துக்கொண்டேன்.

வாக்கியமாக எழுதிக் கொடுத்தால் படமாகத் தருகிற அந்தச் செயலியோடு இருபது நாள் மல்லுக்கட்டினேன். கடற்கரை என்று எழுதினால் குடை நட்டு நாற்காலி போட்ட கடற்கரை வரும். அகதிகள் என்று எழுதினால் பாலைவனத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நடப்பார்கள். பையன் என்றால் ஜிம்மிலிருந்து நேராக வந்தவன் மாதிரி ஒருத்தன் நிற்பான். அதன் தலையில் தட்டித் தட்டி ஒரு வழிக்குக் கொண்டுவந்தேன்.

தாய் மகனைப் பஸ்ஸில் ஏற்றிவிடும் காட்சி ஒன்று வேண்டும் என்று தமிழ்மாறன் எழுதியிருந்தார். அவருக்கு அக்காவைத் தெரியாது. அப்படி ஏற்றிவிட்ட தாய்மார் அங்கே ஒருத்தி இரண்டு பேரா? செயலி கொடுத்த முகத்தையெல்லாம் பார்த்துவிட்டு, இது நம்ம பையன் மூஞ்சியே இல்லண்ணே என்று உதட்டைப் பிதுக்கினார். அவர் போன பிறகு ஹார்ட் டிஸ்கைத் திறந்து யூட்டின் போட்டோவை எடுத்துச் செயலிக்குக் கொடுத்தேன்.

கேட்டிருக்க வேண்டும். என் ஸ்டுடியோவிலிருந்து மார்க்கெட் நடந்துபோகிற தூரம். கேட்டால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயம். அதைவிட, செய்து காட்டினால் சந்தோஷப்படுவார் என்று ஒரு திமிர். வேறென்ன சொல்ல?

திரையில் யூட் உயிரோடு எழுந்து நடந்தான். பஸ்ஸில் ஏறினான், ஜன்னலோரம் உட்கார்ந்தான், பஸ் புறப்பட்டது. பார்க்கச் சப்பென்று இருந்தது. முப்பது வருடக் கை சும்மா இருக்குமா? கூட ஒரு வரி எழுதினேன்: பஸ் நகரும்போது பையன் ஜன்னல் வழியாகத் தாயைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். திரும்பினான். அதே தெத்துப்பல். கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மே பதினெட்டாம் தேதி காலையில் வீடியோ வெளியானது. சாயங்காலத்துக்குள் எங்கெங்கோ போய்விட்டது. பஸ் காட்சியை மட்டும் தனியாக வெட்டி ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஜாஸ்லின் என் போனில் பார்த்தாள். பார்த்து முடித்து, "அவங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். நான் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் மார்க்கெட் ஓய்ந்த நேரத்தில் அக்காவே ஸ்டுடியோவுக்கு வந்தார். பக்கத்துக் கடைப் பெண் போனில் காட்டியிருக்கிறாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்திருந்தார், விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். பெரிய திரையில் காட்டச் சொன்னார். மூன்று தடவை பார்த்தார். மூன்றாவது தடவை, "சிரிக்கிறான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, தன் போனில் ஏற்றித் தரச் சொன்னார். ஏற்றிக் கொடுத்தேன். அப்புறமும் தினம் மத்தியானம் வருவார், பெரிய திரையில் ஒரு தடவை பார்ப்பார், போவார். பார்த்தாயா, நான் நல்லதுதான் செய்திருக்கிறேன் என்று ஜாஸ்லினிடம் பீற்றிக்கொண்டேன். அவள் நம்பவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாளில் அக்கா வருவது நின்றுபோனது. ஜெபக் கூட்டத்துக்கும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீன் வாங்கிக்கொண்டு அவர் உட்காரும் இடத்துக்குப் போனேன். வாங்கிப் பலகையில் போட்டவர் கத்தியை எடுக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

"தம்பி, அவன் திரும்பிப் பாக்கேல்லை" என்றார்.

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"உண்மையில அவன் திரும்பிப் பாக்கேல்லை. என்னோட கோவம். நான்தானே பிடிச்சுக் குடுத்தனான். பஸ் போய் மறையுமட்டும் நான் அவன்ர பிடரியைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். அதுக்கு ரெண்டு கிழமைக்கு முந்தித்தான் பங்கருக்குள்ள வச்சு முடி வெட்டி விட்டனான். செல் விழுற நேரம், கை நடுங்கி ஒரு பக்கம் கோணலாப் போட்டுது. அந்தக் கோணல் பிடரிதான் எனக்கு மிச்சம். பதினேழு வருசமாக் கண்ணை மூடினா அதுதான் வரும்."

சுற்றிலும் மார்க்கெட் இரைந்துகொண்டிருந்தது. அவர் மெதுவாகத்தான் பேசினார். ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது.

"இப்ப அது வருகுதில்லைத் தம்பி. கண்ணை மூடினா நீ செய்த பொடியன் திரும்பிச் சிரிக்கிறான். எப்பிடி முயற்சி பண்ணினாலும் அவன்தான் வாறான். முதல்ல சந்தோசமாத்தான் இருந்துது. என்ர பிள்ளை என்னை மன்னிச்சிட்டான் எண்ட மாதிரி. ஆனா அது என்ர பிள்ளை இல்லையே. என்ர பிள்ளை என்னோட கோவிச்சுக்கொண்டு போனவன். அவனை எங்க தம்பி கொண்டுபோய் விட்டனீ?"

அந்த இடத்திலேயே செத்துப்போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. மீனை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்து தமிழ்மாறனுக்குப் போன் போட்டேன். எட்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள், அங்கே என்ன நடந்தது என்று ஜனங்கள் விசாரிக்க ஆரம்பித்திருக்கிறார்கள், இப்போது எடுக்கச் சொல்கிறீர்களே என்று முதலில் தயங்கினார். விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்கே எடுத்துவிட்டார். எடுத்து என்ன? ஊர்ப்பட்ட பேர் போனில் அது ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தன் போனில் இருந்ததை அழித்துவிட்டார். மண்டைக்குள் ஓடுவதை அழிக்க அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து அவரே ஸ்டுடியோவுக்கு வந்தார். திரைக்கு முன்னால் உட்கார்ந்து, "அந்த மெசினிட்டச் சொல்லு, அவனைத் திரும்பாமப் போகச் சொல்லு" என்றார்.

அது சரியாக வருமா என்று எனக்கு அப்போதே சந்தேகம்தான். ஆனால் மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்? திரும்புகிற வரியை அழித்துவிட்டுப் புதிதாகச் செய்தேன். அப்போதும் திரும்பினான். திரும்பக் கூடாது என்று எழுதினேன். பாதி திரும்பினான். முகமே தெரியக் கூடாது, பின்னந்தலை மட்டும்தான் வேண்டும் என்று எழுதிய பிறகுதான் அடங்கினான். ஜன்னலோரத்தில் ஒரு பிடரி. முடி ஒழுங்காகச் சலூனில் வெட்டியது மாதிரி நேராக இருந்தது.

அக்கா இல்லை என்று தலையாட்டினார். கோணல் வேண்டும் என்றார்.

"கோணல் எந்தப் பக்கம்க்கா?" என்றேன்.

அவர் வலது கையைத் தூக்கி விரல் இரண்டையும் கத்தரிக்கோல் மாதிரி வைத்துக்கொண்டார். தனக்கு முன்னால் யூட் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, காற்றில் இடப் பக்கம் வெட்டிப் பார்த்தார். அப்புறம் வலப் பக்கம். மறுபடி இடப் பக்கம். கை அப்படியே நின்றுவிட்டது.

"ரெண்டையும் செய்து காட்டு தம்பி. பாத்தா எனக்குத் தெரியும்" என்றார். பெற்றவளுக்குத் தெரியாதா என்று நானும் நம்பினேன்.

செய்தேன். இடப் பக்கம் கோணலாக ஒரு பிடரி, வலப் பக்கம் கோணலாக ஒரு பிடரி. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றாக ஓடவிட்டேன். இரண்டு பஸ்ஸும் ஒரே நேரத்தில் நகர்ந்தன. இரண்டு பேருமே திரும்பவில்லை. அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார், மறுபடி இதைப் பார்த்தார். பஸ் மறைந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை போட்டேன். கடைசியில் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டும் அவன் மாதிரித்தான் கிடக்குத் தம்பி" என்றார்.