ஏச முடியாத பேர்

பிலிமத்தலாவையில் பீங்கான் கடை வைத்திருக்கும் மஹ்ரூப் முதலாளியின் வாய், கண்டி ரோட்டில் போகிற பஸ்காரர்களுக்கே தெரிந்த வாய். கோப்பையைத் துடைக்காவிட்டால் ஏச்சு. அழுத்தித் துடைத்தால் அதற்கும் ஏச்சு. விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிற ஆட்களை, படி இறங்கும் வரை பொறுத்திருந்து ஏசுவார். அவ்வளவையும் இருபத்திரண்டு வருடமாக நின்று வாங்கிக்கொண்டவர் மயில்வாகனம். முதலாளியைவிட மூன்று வயது மூத்தவர். எந்தத் தட்டு எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவர் இல்லாவிட்டால் அந்தக் கடை ஒரு வாரம் தாங்காது.

மஹ்ரூபின் வாய் அடங்குகிற இடம் ஒன்றே ஒன்று. நபிகள் நாயகத்தின் பேர் காதில் விழுந்தால், எந்த ஏச்சின் நடுவில் இருந்தாலும் நிறுத்தி, நாயகத்தை வாழ்த்தி ஸலவாத்துச் சொல்லி, அதன் பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடருவார். அந்தப் பேர் வைத்தவர்களையும் ஏசக் கூடாது என்பது அவருடைய வாப்பா போட்ட கட்டளை. மகன் பிறந்தபோது மனைவி றலியா அந்தப் பேரையே வைக்கலாம் என்றாள். "பிறகு நான் அவன எப்பிடி வளர்க்கிற?" என்று கேட்டு, ஷிஹாப் என்று வைத்தவர் மஹ்ரூப்.

அப்படிப்பட்டவரிடம்தான் கலகெதரயிலிருந்து புதிய விற்பனையாளர் வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வயது, சிரித்த முகம், சிங்களமும் நன்றாகப் பேசுவார். சம்பளம் வரை பேசி முடித்துவிட்டுக் கடைசியில்தான் முதலாளி பேரைக் கேட்டார்.

"முஹம்மது."

"பேருக்குப் பின்னால இன்னொரு பேர் ஈக்குமே?"

இல்லை என்றார் அவர். அடையாள அட்டையிலும் அது மட்டுந்தான். வீட்டில் கூப்பிடுவதும் அதுதான். பிறந்த நாளிலிருந்து தன்னை யாருமே ஏசியதில்லை என்று வேறு சந்தோஷமாகச் சொன்னார். சம்பளம் பேசி முடித்தாகிவிட்டது, மஹ்ரூபால் இனிப் பின்வாங்க முடியாது.

முதல் நாளே ஒரு சூப்புக் கிண்ணம் போனது. மூன்றாம் நாள் ஆறு தேத்தண்ணிக் கோப்பைகள் ஒன்றாகப் போயின. முஹம்மதுக்கு மனம் தங்கம், கைதான் வழவழப்பு. மஹ்ரூபின் கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது. ஆனாலும் வாயில் வந்தது, "முஹம்மது தம்பி, கை வெட்டுப்படல்லையே? கொஞ்சம் இருங்க, தண்ணி குடிங்க" என்பதுதான்.

உள்ளே எழுந்த ஏச்சு எங்கே போகும்? அவர் அப்படியே திரும்பி, பின்பக்கம் கணக்காகச் சாடி அடுக்கிக்கொண்டிருந்த மயில்வாகனத்தின் மேல் அதைக் கொட்டினார். டேய் என்று தொடங்கி, கண் இல்லையா, மூளை இல்லையா என்று போய், பேய்க்கழுதையில் முடித்தார். மயில்வாகனம் எதையும் உடைக்கவில்லை. முஹம்மது உடைத்த ஒவ்வொன்றுக்கும் இரண்டு பங்கு ஏச்சு வாங்கினார், அவ்வளவுதான்.

இப்படி இரண்டு மாதம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை காலை மயில்வாகனம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நாவலப்பிட்டியில் மருமகன் கடைக்குப் போகிறாராம். பகல் வரைக்கும் இருந்து சாவியைத் தந்துவிட்டுப் போவாராம்.

"ஏசினதுக்கா?" என்றார் மஹ்ரூப்.

"அதுக்கில்ல முதலாளி. உங்க வாயில நல்ல வார்த்தையே கெடையாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அதனால எனக்கு வருத்தமே வந்ததில்ல. இப்பதான் தெரியுது, நெறைய இருக்கு. எனக்குத்தான் இல்ல."

ஜும்ஆத் தொழுகையில் மஹ்ரூபுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மிம்பர் மேடையில் பிரசங்கம் செய்த ஹஸ்ரத், நபிகள் நாயகத்திடம் அனஸ் என்பவர் பத்து வருடம் ஊழியம் செய்த கதையைச் சொன்னார். அந்தப் பத்து வருடத்தில் ஒரு தடவைகூட அவரைப் பார்த்துச் 'சீ' என்று நாயகம் சொன்னதில்லை. வருடா வருடம் கேட்டு, தலையாட்டி, கண்ணயர்ந்த கதைதான். அன்று மஹ்ரூபுக்குத் தூக்கம் வரவில்லை. பேருக்குத்தானே இத்தனை காலம் மரியாதை கொடுத்தேன், பேருக்கு உரியவரை மறந்துவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வெட்கமாகவும் இருந்தது.

கடைக்கு ஓடி வந்தார். மயில்வாகனம் சாவியோடு வாசலில் நின்றார். மஹ்ரூப் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். பழக்கம் இல்லாத வார்த்தை, சிக்கிக்கொண்டு வந்தது.

"அண்ணன், போக வேணாம். இருங்க."

மயில்வாகனம் யார் வந்திருக்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

அந்த நேரம் பார்த்து உள்ளே பெரிய பூச்சாடி ஒன்று விழுந்து சிதறியது. நடுவில் முஹம்மது கைவிரித்து நின்றார். மஹ்ரூபின் கழுத்து நரம்பு புடைத்தது. வழக்கம்போல மயில்வாகனத்தின் பக்கம் திரும்பக்கூட முடியாது, அவர் இனி அண்ணன் அல்லவா? பல்லைக் கடித்துக்கொண்டு ஸலவாத்தை ஓதினார்.

"முதலாளி, ஒங்களுக்குத்தானே அந்தக் கட்டுப்பாடு? நான் ஏசலாமில்ல?" என்றார் மயில்வாகனம்.

மயில்வாகனம் முஹம்மதுக்கு முன்னால் போய் நின்றார். இருபத்திரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடமான ஏச்செல்லாம் அவர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. வாயைத் திறந்தார். மூடினார். தோளிலிருந்த பையைக் கழற்றிப் பழைய ஆணியில் மாட்டிவிட்டு, விளக்குமாற்றை எடுத்தார்.

"முஹம்மது தம்பி, கால்ல குத்திடும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."