பின்னால் வந்த டெய்லர்

மலை முகட்டில் நடக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே டெய்லருக்குப் பின்பக்கம் ஜில்லென்றது. தடவிப் பார்த்தார். ஐயோ, பேண்ட் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

ஊரார் துணிக்கெல்லாம் ராப்பகலாக மெஷின் மிதிக்கிற மனுஷன், தன் பேண்ட்டுக்கு மட்டும் கையால் நூலோட்டி, மெஷின் தையல் அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. காலையில் அவசரத்தில் அதையே மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வெளியில் சொன்னால் வெட்கக்கேடு.

அதுவும் இன்றைக்கா? முன்னால் நடக்கிற பள்ளிக்கூடத்து நண்பன் பெரிய ஹோட்டலில் மேனேஜர். ஊழியர்களின் யூனிஃபார்ம் ஆர்டர் டெய்லருக்கா, ரெடிமேட் கம்பெனிக்கா என்பதை மலை இறங்குவதற்குள் சொல்வதாக இருந்தான். ஏறும்போது வழியெல்லாம் டெய்லர் ரெடிமேடைத் திட்டித் தீர்த்திருந்தார்.

“நீங்க முன்னாடி போங்க. நான் மெதுவா வரேன்.”

“என்ன மச்சான், திடீர்னு இவ்வளவு மரியாதை?” என்றான் கூட வந்திருந்த, பேக்கரி வைத்திருக்கும் மைத்துனன்.

இருபுறமும் சரிவு முழுக்க மஞ்சளும் சிவப்புமாக இலை பழுத்துக் கிடந்தது. ஒரு கையால் பின்னால் பிடித்துக்கொண்டு எதை ரசிப்பது? சட்டைக் காலரில் வழக்கம்போல நூல் கோத்த ஊசி இருந்தது. ஆனால் தைக்க வேண்டுமென்றால் கழற்ற வேண்டுமே.

பாறை ஒன்றைத் தாண்டக் காலை அகட்டிய மேனேஜர் அப்படியே நின்றுவிட்டான். டர்ரென்று சத்தம். அவன் போட்டிருந்த ரெடிமேட் பேண்ட் பின்பக்கம் முழுசாக விட்டுப்போயிருந்தது. எதிரே பெண்கள் கூட்டம் ஒன்று சிரித்துப் பேசிக்கொண்டு வந்தது.

“டேய், ஏதாவது பண்ணுடா,” என்று முனகினான்.

குனிந்தால் டெய்லரின் மானம் காற்றில் பறக்கும், கூடவே ஆர்டரும். ஆனால் பாவம், அவன் முகம் சுண்டிப்போயிருந்தது. வருவது வரட்டும் என்று பிடித்திருந்த கையை எடுத்து, மண்டியிட்டுத் தைக்கத் தொடங்கினார்.

“மச்சான், அவன் ஜன்னலை அப்புறம் மூடலாம். உங்க வாசக்கதவே திறந்து கிடக்கே,” என்றான் மைத்துனன். சொன்ன கையோடு தன் ஜாக்கெட்டை விரித்து இருவரையும் மறைத்து நின்றான், தோள் குலுங்கக் குலுங்க.

பெண்கள் போய்விட்டார்கள். டெய்லர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மேனேஜர் உட்கார்ந்தான், எழுந்தான், அதே பாறையை மறுபடி தாண்டினான். தையல் அசையவில்லை. பிறகு டெய்லரைச் சுற்றி வந்து, பின்பக்கத்தை நிதானமாகப் பார்த்தான். டெய்லருக்கு உயிரே போனது.

“ஆர்டர் உனக்குத்தான்டா,” என்றான் மேனேஜர். “உன் பேண்ட்டை மட்டும் வேற டெய்லர்கிட்ட கொடு.”