பூஜ்யம் புள்ளி மூன்று

"நூறு வருது மேடம். முழுசா நூறு!"

நெட் கம்பெனி லைன்மேன் தன் செல்போனைக் கோர்ட்டில் சாட்சிப் பொருளைக் காட்டுவதுபோல அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். டவுன்லோட் நூறு. அப்லோட் பத்து. குறை சொல்ல இடமே இல்லை.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. பதினைந்து நாளில் இவர் வருவது மூன்றாவது முறை. மூன்று முறையும் நூறு. பையை மாட்டிக்கொண்டு இவர் படியிறங்க வேண்டியதுதான், நெட் படுத்துவிடும்.

"நீங்க இருக்கிற வரைக்கும் ஓடும். போனதும் போயிடும். அதானே என் கம்ப்ளெயின்ட்டே?"

"நான் என்ன மேடம், நெட்டைப் பையில போட்டா எடுத்துட்டுப் போறேன்?"

"யாரு கண்டா!"

மணி மூன்று இருபது. நாலு மணிக்கு அவள் திரை முன் உட்கார வேண்டும். சைகைமொழி பெயர்ப்பாளர் வேலை. மருத்துவமனையில் டாக்டர் பேசுவதைக் கேட்டு, வீட்டிலிருந்தபடியே வீடியோவில் கையால் சொல்ல வேண்டும். நோயாளி, காது கேளாத ஒரு தச்சர். வலது மணிக்கட்டில் ஆபரேஷன். உளி பிடிப்பதும் அந்தக் கைதான், பேசுவதும் அந்தக் கைதான். என்ன வெட்டப் போகிறார்கள், எத்தனை நாள் கட்டு என்று முழுசாகப் புரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் மனுஷர். நியாயம்தானே?

போன இரண்டு தடவையும் அவள் கை பாதி வாக்கியத்தில் அந்தரத்தில் உறைந்து நின்றது. தச்சர் கண்டதெல்லாம் சிலையாகிப்போன ஒரு பெண்ணைத்தான். டாக்டர் பேனாவை மேஜையில் எறிந்தார். மொழிபெயர்ப்பாளர்களை ஏற்பாடு செய்யும் கோ-ஆர்டினேட்டர் அம்மாள் போனில் சர்க்கரையாகப் பேசினாள். "இன்னைக்கும் நின்னுச்சுன்னா, லிஸ்ட்ல இருந்து உங்களை எடுக்கிறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லம்மா."

அவள் என்னதான் செய்யவில்லை? மோடத்தை அணைத்துப் போட்டு அணைத்துப் போட்டு விரல் தேய்ந்தது. குட்டி போட்ட பூனை மாதிரி அதை அறை அறையாகத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். புது ஒயர் வாங்கி நேரே லேப்டாப்பில் செருகினாள். மாடிவீட்டுக்காரிதான் திருட்டுத்தனமாக இழுக்கிறாள் என்று பாஸ்வேர்டை மாற்றி, ஜாடையாக இரண்டு வார்த்தையும் விட்டு, இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லை. செல்போன் சிக்னலில் பேசலாமென்றால், அது பால்கனி மூலையில் எக்கி நின்றால்தான் எட்டிப் பார்க்கும்.

"ஒரு அரை மணி நேரம் இங்கேயே உக்காருங்களேன்," என்று கெஞ்சினாள்.

"அடுத்த வீட்ல காத்திட்டிருக்காங்க மேடம்."

மாமனார் வாசல்வரை போய் வழியனுப்பினார். "படி பார்த்து இறங்குங்க தம்பி." முப்பது வருஷம் குடோன் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு யார் வந்தாலும் உபசாரத்தில் குறை வைக்க மாட்டார்.

கதவைச் சாத்தினார். அவள் லேப்டாப்பில் ஸ்பீட் டெஸ்ட்டைத் தட்டினாள். நூறு. மறுபடி தட்டினாள். முள் நடுங்கியது, சரிந்தது. டவுன்லோட் ஏழு. அப்லோட் பூஜ்யம் புள்ளி மூன்று.

செருப்புகூடப் போடாமல் ஓடினாள். மூன்று மாடி. லைன்மேன் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.

"இறங்குங்க! இப்பவே மேலே வாங்க!"

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டார்.

மேலே வந்தவர், வீட்டு வாசலில் சட்டென்று நின்றார். அங்கே தொட்டியில் மாமனாரின் எலுமிச்சை. அதைச் சுற்றிச் சுவரில் மூன்று கேமரா. மூன்றிலும் சிவப்புப் புள்ளி மின்னியது.

"மேடம், முன்னாடி நான் வந்தப்போ இந்த லைட் எரியலையே?"

"அது மாமாவோட கேமரா. யாரோ காய் பறிக்கிறாங்களாம். அதுக்குள்ளயே மெமரி கார்டு இருக்கு, நெட் வேண்டாம்."

சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினாள். செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த சுவிட்சை நோக்கி நீண்ட மாமனாரின் கை அப்படியே நின்றது.

"தம்பி திரும்ப வர்றார்னு ஒரு குரல் கொடுக்கக் கூடாதாம்மா?"

"என்ன சுவிட்ச் மாமா அது?"

"கேமராவுக்குத்தான். கார்டெல்லாம் பழைய காலம். பதினஞ்சு நாள் முன்னாடி ஆஃபர் வந்துச்சு, ஒரு மாசம் ஃப்ரீ. படம் இருபத்துநாலு மணி நேரமும் நேரா கம்பெனி கம்ப்யூட்டருக்கே போயிடும். இலை நரம்புகூடத் தெரியுது!"

லைன்மேன் தலையில் கை வைத்தார். "அப்லோட், அதாவது மேலே போற வழியே பத்துதான் மேடம். மூணும் சேர்ந்து அதை அடைச்சுக்கிச்சு. உங்க கை எங்கே போகும்?"

"அப்புறம் எதுக்கு மாமா, இவர் வரும்போதெல்லாம் அணைச்சீங்க?"

மாமனார் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "வீட்டுக்கு வர்றவங்களைத் திருடனை மாதிரி படம் பிடிக்கிறதா? ஒரு மரியாதை வேண்டாம்?"

அவள் பல்லைக் கடித்த சத்தம் லைன்மேனுக்கே கேட்டிருக்கும்.

மூன்று ஐம்பது.

"அணைங்க மாமா. ஒரு மணி நேரம்."

"நல்லாயிருக்கே! எதிர்வீட்டு ஆள் வீடு திரும்பற நேரமே நாலு மணிதான். எனக்கு அவன் மேலதான் சந்தேகம்."

அவளே அணைத்துவிடலாம். ஆனால் அவள் அறைக்குள் போனதும் இவர் மறுபடி போடமாட்டார் என்று என்ன நிச்சயம்?

"மாமா, நாலு மணிக்கு ஒருத்தர் நம்ம வீட்டுக்கு வர்றார்."

"யாரு? சொல்லவே இல்லையே!"

"ஒரு தச்சர். காது கேட்காது. கையில ஆபரேஷன்னு பயந்து போயிருக்கார். வாசல் வழியா வரல, என் லேப்டாப் வழியா வர்றார். நான் சொன்னாத்தான் அவருக்குப் புரியும்."

மாமனார் யோசித்தார். லைன்மேனைப் பார்த்தார். லைன்மேன் பவ்யமாகத் தலையாட்டினார்.

"முன்னாடியே சொல்ல மாட்டியாம்மா நீ?"

க்ளிக். மூன்று சிவப்புக் கண்ணும் மூடின.

நாலு மணி. திரையில் டாக்டர், பக்கத்தில் தச்சர். அவள் கைகள் ஓடின. தசைநார், தையல், ஆறு வாரக் கட்டு. எங்கும் நிற்கவில்லை. ஆனாலும் தச்சரின் முகம் இறுகியே கிடந்தது. கேள்வி உண்டா என்று டாக்டர் கேட்டால், இல்லை என்று தலையசைத்தார். படிவம் அப்படியே இருந்தது.

இருபதாவது நிமிஷம், அறைக் கதவு திறந்தது.

மாமனார். சலவைச் சட்டை, வாரிய தலை. நேரே அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்துக் கைகூப்பினார். "வாங்க, வாங்க!"

"யார் இது?" டாக்டரின் குரல் உயர்ந்தது.

அவளுக்கு உயிரே போய்விட்டது. தச்சர் இடது கையால் அதையே கேட்டார். யார்?

"என் மாமனார். நீங்க எங்க வீட்டுக்கு வந்த விருந்தாளியாம்," என்று கையால் சொன்னாள்.

தச்சர் ஒரு கணம் விழித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். வலிக்கிற கையை மெதுவாகத் தூக்கி, பதிலுக்குக் கும்பிட்டார். அந்தக் கையை இறக்காமலே, மூன்று சந்திப்பிலும் கேட்காத கேள்வியைக் கேட்டார். "விரல் மடங்கலேன்னா, நான் எப்படிப் பேசறது?"

அவள் அதைக் குரலில் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பத்து நிமிஷம், ஒவ்வொரு விரலாகத் தொட்டுக் காட்டிச் சொன்னார். அவள் ஒன்றுவிடாமல் கையில் சொன்னாள். ஒரு அசைவுகூடத் தவறவில்லை.

தச்சர் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மாமனார் இன்னும் நகர்ந்தபாடில்லை. அவள் தோளைச் சுரண்டினார்.

"ரொம்ப நேரமா உக்காந்திருக்காரே, தண்ணி ஏதாவது குடிச்சாரான்னு கேளும்மா."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் கையால் கேட்டாள்.