எண்ணெய் டப்பா தேவையில்லை

1

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்தால் வந்த வினை. வாக்கியம் என்னுடையது: ‘முதல் மாடியில் கிடக்கும் எண்ணெய் டப்பாவை எடுத்து மெனக்கெட வேண்டாம், அது எதற்கும் உதவாது.’ பழைய கணினி விளையாட்டுகளைப் பற்றி ஒரு சிற்றிதழில் மாதம் ஒரு பக்கம் கருத்துச் சொல்லிவருகிறேன். பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். லென்ஸில் கொஞ்சம் பிசகினாலும் ஆள் திரும்பி வந்து சண்டை போடுவார். கருத்தில் பிசகினால் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். முதலாவது: ‘அன்று நல்ல மழை.’ மழை பெய்யவில்லை, அடித்துவிட்டேன். இரண்டாவது: ‘அத்தான் இறந்த எட்டாவது மாதம், அக்கா அவருடைய கணினியைத் திறந்து’

அதற்கு மேல் போகவில்லை. அப்படியே கிடக்கட்டும். மூன்றாவது, நீங்கள் படித்துக்கொண்டிருப்பது.

2

கதைக்கு முன் கொஞ்சம் கருத்து. (கதை மட்டும் போதும் என்பவர்கள் மூன்றுக்குத் தாவலாம். ஆனால் சாகச விளையாட்டு ஆடியவர்களுக்குத் தெரியும், வேண்டாமென்று தாண்டிப் போனதுதான் கடைசியில் கழுத்தைப் பிடிக்கும்.)

பழைய அதிரடி விளையாட்டுகள் நேர்மையானவை. குழியில் விழுந்தால் செத்தீர்கள். மூன்று நொடி சோக இசை, மறுபடியும் முதலிலிருந்து. மூன்று உயிர் என்றால் மூன்றுதான், கெஞ்சினாலும் நாலாவது கிடையாது. இதைக் கொடுமை என்பவர்கள் உண்டு. எனக்கு மரியாதையாகத்தான் படுகிறது.

சாகச விளையாட்டுகள் வேறு ரகம். நாயகன் ஏணியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வான், ஏனென்று யாரும் கேட்கமாட்டார்கள். கயிற்றைப் பூனைமீது பயன்படுத்து, பூனையைக் கயிற்றின்மீது பயன்படுத்து என்று எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் முட்டிப் பார்க்க வேண்டும். போகட்டும், மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு. முதல் அறையில் ஏதோ ஒரு பொருளை எடுக்காமல் வந்திருப்பீர்கள். விளையாட்டு அதைச் சொல்லாது. நாற்பது மணி நேரம் சிரித்த முகத்தோடு நடக்கவிடும். நீங்கள் எப்போதோ தோற்றாயிற்று, உங்களுக்கு மட்டும் தெரியாது.

இன்னொரு கருத்து: ஆட்டத்தை விட்ட இடத்தில் சேமித்துவைக்கப் பத்து இடங்கள் தாராளம். பதினொன்று கேட்பவன் கோழை. (இதுவும் அச்சில் வந்ததுதான். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

3

அத்தான் என்பது என் அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். இந்தப் பாத்திரத்தில் எனக்கே ஒரு சந்தேகம்: இவ்வளவு நல்ல மனிதரை வாசகர்கள் நம்புவார்களா? அதனால் உண்மையான குறை ஒன்றைச் சேர்க்கிறேன். குறட்டை. அடுத்த அறைவரை கேட்கும்.*

* அக்கா அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறாள். நான் எழுதும் எல்லாம் அவள் கைவழியாகத்தான் போகும், இந்தக் கதையும் போனது. இந்த இடத்தில் ஓரத்தில் எழுதியிருக்கிறாள்: ‘அடுத்த வீடுவரை.’

விளையாட்டு இதுதான். ஆளில்லாத பதினெட்டு மாடிக் கட்டடம். ஒரு காவலாளி கீழிருந்து உச்சிக்கு ஏற வேண்டும். ஐந்தாம் மாடியில் லிஃப்ட் அறுந்து விழுந்துவிடும், அதற்குப் பிறகு கீழே இறங்க வழியே இல்லை. நான் பன்னிரண்டாம் மாடிவரை ஆடிச் சலித்துப்போய், பதினெட்டையும் பார்த்தவன் தோரணையில் எழுதினேன். அத்தானிடம் அந்த விளையாட்டைக் கொடுத்ததும் நான்தான். “லிஃப்ட் வருது அத்தான், உங்களுக்குப் பிடிக்கும்.”

எண்ணெய் டப்பாவைப் பார்த்தும் எடுக்காமல் போகிற லிஃப்ட் மெக்கானிக் உலகத்திலேயே கிடையாது. இவர் எடுக்காமல் போனார். மச்சான்தான் அச்சிலேயே சொல்லிவிட்டானே.

ஞாயிறு காலைகளில் அவர்கள் வீட்டுக்குப் போவேன்.

“முடிச்சாச்சா அத்தான்?”

“என்ன அவசரம் மச்சான்? பதினாலாவது மாடியில நிக்கறேன். ஒரு கதவு படுத்துது. நல்லாத்தான் இருக்கு.”

மூன்று மாதமாகப் பதினாலாவது மாடி. நிதானமாக ஆடுகிற மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு திங்கட்கிழமை, கருவிப் பையோடு ஏதோ ஒரு கட்டடத்தில் படியேறிக்கொண்டிருந்தவர் நடுவில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. (இந்த வாக்கியத்தை ஆறு முறை திருத்தினேன். எப்படித் திருத்தினாலும் அவர் எழுந்திருக்கவில்லை.)

4

எட்டு மாதம் கழித்து அக்கா அந்தக் கணினியைத் திறந்து, அவர் விட்ட இடத்திலிருந்து ஆட ஆரம்பித்தாள். கடைக்குப் போன் வந்தது.

“டேய், பதினாலாவது மாடியில இரும்புக் கதவு ஒண்ணு துருப்பிடிச்சுக் கெடக்கு. எண்ணெய் விட்டா திறக்கும்னு அந்த வாட்ச்மேன் சொல்றான். எண்ணெய் எங்கடா இருக்கு?”

கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தேன். “பாத்துச் சொல்றேன்க்கா” என்றேன். அன்று மாலையே இணையத்தில் தேடிப் பார்த்தேன். கட்டடம் முழுக்க எண்ணெய் என்று இருப்பது முதல் மாடி டப்பா ஒன்றுதான்.

இரண்டு வாரம் ‘பாத்துச் சொல்றேன்’ என்றே ஓட்டினேன். அதற்குள் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) உண்மை. ‘முதலிலிருந்து ஆடுக்கா.’ அதாவது, அவர் நடந்த நாற்பத்தொரு மணி நேரத்தைத் தூக்கிப் போடு.

ஆ) பொய். ‘விளையாட்டிலேயே கோளாறுக்கா, அந்தக் கதவு திறக்காது.’ கடையில் பதினொரு முகக்கண்ணாடிகள் இருக்கின்றன. எல்லாவற்றின் முன்னாலும் சொல்லிப் பார்த்தேன், ஒன்றில்கூட நம்பும்படி இல்லை.

இ) திருட்டு. அவர் சேமித்த ஆட்டத்துக்குள் புகுந்து, ஓர் எண்ணை மாற்றி, எண்ணெய் டப்பாவைக் காவலாளியின் பையில் வைத்துவிடுவது. யாருக்கும் தெரியாது.

என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் எதை எடுத்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

5

ஞாயிறு காலை பென் டிரைவோடு போனேன். அக்கா துணி காயப்போட மாடிக்குப் போனதும் கணினிமுன் உட்கார்ந்து, சேமித்தவற்றின் பட்டியலைத் திறந்தேன். பத்து இடமும் நிரம்பியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிப் பெயர் வைக்கலாம். அத்தான் ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்து வைத்திருந்தார். தமிழிலேயே தருகிறேன்.

1. நாய் தூங்குது, சத்தம் கூடாது
2. சாவி பூந்தொட்டிக்குள்ள
3. லிஃப்ட் கேபிள் சரியில்லை
4. சொன்னேன்ல, விழுந்துடுச்சு
5. எட்டாவது மாடி, முட்டி வலிக்குது
6. ஏணியை எப்படிப்பா பையில வெச்சான்
7. பதினாலு, கதவு துரு
8. எண்ணெய் முதல் மாடியிலயே இருந்துச்சு
9. இனி கீழ போக வழியில்ல
10. மச்சானுக்குத் தெரிய வேணாம்

எட்டாவதில் இருந்த தேதி, அவர் இறப்பதற்குப் பன்னிரண்டு வாரம் முந்தையது. பத்தாவது, இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு. எனக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் அழுகை வந்தது, அழுதேன்.

அக்கா காலி வாளியோடு வந்து நின்றாள்.

“பாத்துட்டியா?”

“உனக்கு எப்பக்கா தெரியும்?”

“திறந்த அன்னிக்கே. ஒவ்வொரு தடவையும் அந்தப் பத்து வரி வருதே, படிக்காம எப்படி?”

“அப்புறம் ஏன் எண்ணெய் எங்கன்னு கேட்டே?”

“நீயா சொல்றியான்னு பாத்தேன்.” வாளியைக் கீழே வைத்தாள். “அந்தப் பக்கத்தைத் திருத்தினது நான்தான். ஒரு காற்புள்ளி மாத்தினேன். விஷயம் சரியான்னு கேக்கணும்னு தோணல. அவ்வளவு தைரியமா எழுதியிருந்தே.”

“தோத்தாச்சுன்னு தெரிஞ்சும் மூணு மாசம் எதுக்குக்கா ஆடினாரு?”

“எங்க ஆடினாரு? சனிக்கிழமை சாயங்காலம் திறப்பாரு, அந்த மாடியில ஒரு சுத்து வருவாரு, மூடிடுவாரு. மறுநாள் நீ வருவியே, கதவைப் பத்திப் பேசணும்ல. முடிஞ்சுபோச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் வேற என்னத்தப் பேசுவீங்க?”

யோசித்துப் பார்த்தேன். வேறு எதுவும் நாங்கள் பேசியதாக ஞாபகம் இல்லை.

6

பென் டிரைவைக் காட்டி, திருட்டுத் திட்டத்தையும் ஒப்புக்கொண்டேன். அக்கா கோபப்படுவாள் என்று ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அவள் கோபப்படவில்லை, பத்தி வீண்.

“செய்யேன். டப்பாவை அவர் பையில வை. கதவு திறக்கட்டும். ஆனா பத்து இடமும் அவரோடது. புதுசா ஒண்ணு வெச்சா பழசுல ஒண்ணு போயிடும்ல?”

“தனியா ஒரு நகல் எடுத்துக்கலாம்க்கா.”

“பதினொண்ணு கேக்கறவன் கோழைன்னு எழுதினது யாரு? அதையும் நான்தான் திருத்தினேன்.” நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “எது போகணும்னு நீயே சொல்லு.”

நாயை எடுத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. தூங்குகிற நாய்க்காகச் சத்தம் கூடாது என்று எழுதிவைத்திருக்கிறார், அதுவும் அந்தக் குறட்டையை வைத்துக்கொண்டு. எப்படி அழிப்பது? பத்தாவதை அழித்தால் என் மானம் மிஞ்சும். அதனாலேயே அதைத் தொட முடியாது. எட்டையும் ஒன்பதையும் அழித்தால்…

“பாத்துச் சொல்றேன்க்கா.”

“சொல்லு. அடுத்த ஞாயித்துக்கிழமை வருவேல்ல?”

வருவேன் என்றேன். இது நடந்து ஐந்து ஞாயிறு ஆகிறது. காவலாளி இன்னும் பதினாலாவது மாடியில்தான் நிற்கிறான், நானும் அக்காவும் கதவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பட்டியலை முழுதாகக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு ஏதாவது எண் தோன்றினால் எழுதிப் போடுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை.