எர்லி டிசிஷனுக்குப் பூக்கட்டிப் பார்த்தது

1

இந்தக் கதை எனக்கு மாடிப்படியில் கிடைத்தது. மட்டாஞ்சேரியில் என் மேல்வீட்டில் லக்ஷ்மிநாராயணன் குடும்பம் இருக்கிறது. பாலக்காட்டுத் தமிழர்கள், கொச்சிக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. அவர் மனைவி மீனாக்ஷி ஒருநாள் படியில் என்னை மறித்தார்.

"நாளைக்குக் கார்த்தால ஆத்துக்கு வரணும். பூ எடுக்கக் கள்ளமில்லாத ஆள் ஒருத்தர் வேணும். கொழந்தை யாரும் கிட்டல்லை."

கதை எழுதுகிறவனைப் பார்த்துக் கள்ளமில்லாத ஆள் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். என் புத்தகம் எதையும் அவர் படித்ததில்லை என்பது அப்போதே தெரிந்துபோயிற்று. உடனே சம்மதித்தேன்.

2

தொடக்கம் ஒன்று: 'மட்டாஞ்சேரியில் மழை விடாமல்...'

வேண்டாம். கொச்சிக் கதைகள் எல்லாமே நனைந்துகொண்டுதான் தொடங்குகின்றன.

தொடக்கம் இரண்டு: 'அதிதியின் கண்களில் ஆயிரம் கனவுகள்...'

அடித்துவிட்டேன். அவள் கண்களில் இருந்தது தூக்கக் கலக்கம். அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் பிள்ளைகள் தூங்குவதில்லை.

விஷயத்துக்கே வருகிறேன். அதிதி, லக்ஷ்மிநாராயணனின் ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்பு. அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் கடலைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். (கடல் இங்கேயே இருக்கிறதே என்று அம்மா சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.)

அந்த ஊரில் சீக்கிரமாக விண்ணப்பிக்க இரண்டு வழி உண்டு. எர்லி ஆக்‌ஷன் என்பது பெண் பார்க்கப் போவது. நாலு வீட்டில் பஜ்ஜி சாப்பிடலாம், ஏப்ரல் முடியும்வரை யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வரலாம். எர்லி டிசிஷன் என்பது நிச்சயதார்த்தம். ஒரே கல்லூரி. அவர்கள் சரி என்றால் மற்ற விண்ணப்பங்களை வாபஸ் வாங்கிக்கொண்டு அங்கேதான் போக வேண்டும். அதற்கு அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். அதிதி ஆசைப்படும் கல்லூரிக்கு இந்த இரண்டாவது வழியில் போனால்தான் இடம் கிடைக்கும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். கடைசித் தேதி நவம்பர் ஒன்று.

[கல்யாண விளக்கம் மீனாக்ஷியுடையது. என்மேல் பாயாதீர்கள்.]

3

லக்ஷ்மிநாராயணன் பஜார் ரோட்டில் மிளகுத் தரகர். அங்கே வாயால் சொன்ன விலைதான் பத்திரம். சொன்ன பிறகு சந்தை ஏறியது, இறங்கியது என்று மாற்றிப் பேசுகிற தரகருக்கு மறுநாள் யாரும் சாயாகூட வாங்கிக் கொடுக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட மனிதர், நவராத்திரிக்கு வந்திருந்த உறவினர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார்:

"ஸ்காலர்ஷிப் எத்தறைன்னு தெரியாம வரேன்னு வாக்குக் கொடுக்கறதா? சரக்கைப் பார்க்காம விலை பறயற ஆளா நான்? அந்தப் பேப்பர்ல ஒப்பு போடமாட்டேன்."

[முதல் வரைவில் இவரை வில்லனாக்கி மீசையும் வைத்தேன். அவருக்கு மீசை இல்லை. வில்லத்தனமும் ஒட்டவில்லை.]

வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. அதிதி சாப்பாட்டுத் தட்டோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கடைசியில் பூக்கட்டிப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. வாழையிலைத் துண்டில் இரண்டு பொட்டலம். ஒன்றில் சிவப்புத் தெச்சி, அதாவது இட்லிப்பூ: அப்பா கையெழுத்துப் போட வேண்டும். இன்னொன்றில் வெள்ளை நந்தியாவட்டை: அதிதி பிடிவாதத்தை விட்டு எர்லி ஆக்‌ஷன் கல்லூரிகளுக்குப் போட வேண்டும். எது வந்தாலும் அது பகவான் வாக்கு.

4

இனி வருவது எதையும் நான் பார்க்கவில்லை. அவர்கள் பூஜையறை என் தலைக்கு நேர் மேலே இருக்கிறது. அன்று காலை மூன்று பேரின் காலடிச் சத்தம் தனித்தனியாகக் கேட்டது. மீதிக்கு நான் பொறுப்பு.

முதலில் மீனாக்ஷி. இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினார். "பகவானே, தப்பா நெனச்சுக்காதே. ஏப்ரலுக்குள்ளே அவ மனசு மாறினாலும் மாறும். இங்கேர்ந்து பஸ்ஸிலே போற தூரத்துலே எத்தறை காலேஜ் இருக்கு!"

அடுத்து லக்ஷ்மிநாராயணன். கட்டிவைத்த சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் அவரால் தாண்டிப் போக முடியாது. பிரித்தார். இரண்டும் வெள்ளை. மனைவியின் கைவரிசை புரிந்தது. இரண்டையும் எடுத்துவிட்டு இரண்டிலும் தெச்சியை வைத்தார். "நான் சொன்ன வாக்கை நான் மாத்தப்படாது. நீ மாத்தலாமோல்லியோ?" என்று சாமியிடம் மெதுவாகக் கேட்டார்.

[இவருக்கா மீசை வைத்தேன்!]

கடைசியாக அதிதி. அவளும் யோக்கியமில்லை. இரண்டிலும் தெச்சி வைக்கத்தான் கைநிறையப் பறித்துக்கொண்டு வந்தாள். பிரித்தால் ஏற்கெனவே இரண்டும் சிவப்பு. நூலில், மிளகு சாம்பிள் பைக்கு அப்பா போடும் அதே முடிச்சு.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அப்படியே வைத்துவிட்டுப் போயிருந்தால் நினைத்தது நடந்திருக்கும். ஆனால் சொன்ன சொல்லை ஒருநாளும் மாற்றாத அப்பா தனக்காகச் சாமி முன்னால் திருட்டுத்தனம் செய்து, அந்தத் திருட்டில் தான் விமானம் ஏறுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு பொட்டலத்தில் தெச்சியை எடுத்துவிட்டு, சாமிக்குச் சாத்தியிருந்த நந்தியாவட்டையை வைத்து, அப்பாவின் முடிச்சைப் போலவே போட்டுவைத்தாள்.

ஆக, மூன்று பேர் ஏமாற்றிய பிறகு அந்தப் பொட்டலங்கள் யோக்கியமாகிவிட்டன.

5

நான் போனபோது மீனாக்ஷி நிம்மதியாகக் காபி கலந்துகொண்டிருந்தார். லக்ஷ்மிநாராயணன் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எது வந்தாலும் சம்மதம்தானே?" என்றார் மனைவி.

"பின்னே? பகவான் பறயறதாக்கும்."

அதிதி மட்டும் வெளிறிப்போயிருந்தாள். "மாமா, கண்ணை மூடிண்டு எடுக்கணும் கேட்டேளா" என்றாள்.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். சிவப்பு வந்தது, அதிதி பறந்தாள்: சினிமா. வெள்ளை வந்தது, அதிதி பணிந்தாள்: அறிவுரை. சிவப்பு வந்து, அப்பா கையெழுத்துப் போட்டு, அந்தக் கல்லூரி இடமே தரவில்லை: நடக்கக்கூடியது இதுதான், ஆனால் நீங்கள் என்னை அடிக்க வருவீர்கள்.

என்னால் எடுக்க முடியாது. ஒரு முடிச்சு லேசாகக் கோணியிருக்கிறது, கண்ணை மூடினாலும் எது எந்தப் பூ என்று என் விரலுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் எடுங்கள்.

எடுப்பதற்கு முன் ஒன்று. சிவப்பு வந்தால் "அதெப்படி?" என்று மீனாக்ஷி வாய்விட்டுக் கேட்டுவிடுவார். வெள்ளை வந்தால் அதே கேள்வியை லக்ஷ்மிநாராயணன் கேட்பார். அப்படிக் கேட்ட பிறகு, மகள் போகக்கூடாது என்று தான் ஒருநாளும் நினைத்ததில்லை என்பதை அவரால் மறைக்க முடியாது. இப்போது மூவரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். உண்மையாகச் சாமி கும்பிடுவது அதிதி ஒருத்திதான். எந்தப் பூவைக் கேட்கிறாள் என்று அவள் உதட்டைப் பார்த்தேன், எனக்குப் பிடிபடவில்லை.

கையை நீட்டுங்கள். காபி ஆறுகிறது.