கதவுக்கு உள்ளே இருந்தவன்

நாற்பத்திரண்டு கேள்விகள். எல்லாவற்றுக்கும் பூஜ்ஜியம் போட்டேன்.

'இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்தேன்.' பூஜ்ஜியம். 'அவர் குரலைக் கேட்டேன்.' பூஜ்ஜியம். 'நான் என்ற எல்லை கரைந்து, என்னைவிடப் பெரிய ஒன்றோடு சேர்ந்ததுபோல் இருந்தது.' இதை மட்டும் இரண்டு முறை படித்தேன். பிறகு பூஜ்ஜியம்.

ஆய்வு செய்பவர் பிரேமளா. உளவியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறார். துணையை இழந்தவர்களின் ஆன்மிக அனுபவங்கள் அவருடைய தலைப்பு. பாசிர் கூடாங் நகரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகையில் ஆள் கேட்டு ஒட்டியிருந்தார். என் மனைவி பிரவீனா டெங்கியில் போய் அப்போது பதினோரு மாதம். பெயர் கொடுத்தேன்.

படிவத்தைப் பார்த்துவிட்டு அழைத்தார்.

"எல்லாம் பூஜ்ஜியமா இருந்தாலும் பரவாயில்லை. உங்கள மாதிரி ஆளும் எங்களுக்கு வேணும்."

"எதுக்கு?"

"மத்தவங்களோட ஒப்பிட்டுப் பார்க்க."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க வீட்டிலேயே ஆள் இருந்தது. மாமியார் வாசுகிக்கு மாதம் இரண்டு தடவையாவது மகளின் பவுடர் வாசனை வரும். மைத்துனன் ரூபேந்திரன் கனவில் அக்காவிடம் திட்டு வாங்குகிறான். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்கா, கொடியில் துணி எடுக்கும்போது அவளைப் பார்த்தாராம். நாலு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவனுக்கு ஒன்றும் இல்லை.

"உங்கள பயமுறுத்த வேணாம்னு நினைக்கிறா, மாப்ள," என்பார் அத்தை.

தேற்றத்தான் சொல்கிறார். எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

ஓராண்டுப் படையல் மாசாய் ஊரில் எங்கள் வீட்டில் நடந்தது. கூடத்தில் அவள் படம். முன்னால் இலையில் தேங்காய்ப்பால் ஊற்றி வடித்த நாசி லெமாக் சோறு, நண்டுப் பிரட்டல், ஒரு டம்ளரில் ஐஸ் மைலோ. ரூபேந்திரன் பொரித்த கோழி வாங்கி வந்தான்.

"தொடை மட்டும் வைங்கம்மா. நெஞ்சுக்கறிய வச்சா என்னைத்தான் வந்து அறைவா."

அத்தை சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும்.

படைத்துக் கற்பூரம் காட்டியதும் எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்த வேண்டும். இறந்தவர் வந்து சாப்பிடும் நேரம் அது. உள்ளே ஆள் இருந்தால் வரமாட்டார்கள். கால் மணி கழித்து, மூன்று முறை தட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம்.

"பின்கதவைப் பூட்டிட்டு சுத்தி வரேன், அத்தை," என்றேன்.

போகவில்லை. பின் சந்தில் சிகரெட் பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். இலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். வருவதாக இருந்தால் இப்போது வரட்டும். எனக்கு ஒரே ஒரு தடவை போதும்.

கண்ணை மூடினேன். மூச்சைக் கவனித்தேன். அவளை நினைத்தேன். அவளை நினைப்பதைக் கவனித்தேன். பிறகு, கவனிக்கிறேன் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். எந்த எல்லையும் கரையவில்லை. முட்டி வலித்தது. நண்டு வாசனை வந்தது. அந்தக் கூடத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. நானோ அதை முழுக்க நிரப்பிக்கொண்டிருந்தேன்.

எரிச்சலில் எழுந்தபோது முழங்கால் டம்ளரில் இடித்தது. அது கவிழ்ந்து உருண்டு சுவரில் மோதியது. பின்கதவு வழியாக வெளியேறி, வீட்டைச் சுற்றி வாசலுக்கு வந்தேன்.

அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் நனைந்திருந்தது.

"டம்ளர் சத்தம். கேட்டுச்சா மாப்ள? வந்துட்டா. எம்புள்ள வந்துட்டா."

"நானும் கேட்டேன் மச்சான்," என்றான் ரூபேந்திரன். அவன் கையில் மயிர் சிலிர்த்திருந்தது.

"அந்த ஆராய்ச்சிப் பொண்ணுக்குப் போன் போடுங்க," என்றார் அத்தை. "இதையும் எழுதிக்கச் சொல்லுங்க."

ஒரு வருடத்தில் அவள் வந்ததற்கு எல்லாரும் சேர்ந்து கேட்ட ஒரே சாட்சி என் முழங்கால். சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"நான்தான் அத்தை. உள்ளதான் இருந்தேன்."

"என்னது?"

"டம்ளரத் தட்டினது நான்."

"அலமாக், மச்சான்," என்று ரூபேந்திரன் தலையில் கைவைத்தான்.

அத்தை கத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏன்?"

"எல்லாருக்கும் தெரியிறா. எனக்கு மட்டும் இல்ல."

"அதுக்கு? பொறுக்க முடியாதா? நீங்க குந்திக்கிட்டு இருந்தா அவ எப்படி உள்ள வருவா? வாசல் வரைக்கும் வந்துட்டுப் பசியோட திரும்பிப் போயிருப்பா."

உள்ளே போனார். மைலோவைத் துடைத்தார். பழைய இலையை எடுத்துவிட்டுப் புதிய இலை போட்டு, எல்லாவற்றையும் மறுபடி பரிமாறினார். கற்பூரம் காட்டினார். நான் உதவப் போனபோது முழங்கையால் தள்ளினார்.

"இப்ப எல்லாரும் வெளிய."

வெளியே வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். திருடனைப் பிடிப்பதுபோல அழுத்தமான பிடி. நாங்கள் மூவரும் சாத்திய கதவைப் பார்த்து நின்றோம். கொசு கடித்தது. சந்தில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை உள்ளிருந்து எதுவும் காதில் விழாது என்று வண்டிக்காரன்மேல் கோபம் வந்தது.

பிறகு அமைதி. உள்ளே ஒன்றும் இல்லை.

"கால் மணி ஆச்சும்மா," என்றான் ரூபேந்திரன்.

அத்தை தட்டுவதற்குக் கையை உயர்த்தினார்.

"இருங்க அத்தை," என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும்."

அவர் கையை இறக்கினார். சொன்ன பிறகு என்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் கதவிலிருந்து காதை எடுக்கவில்லை.